நான்காம் எண் விளக்கு

மார்ச் 3

என் செல்லத்துக்கு,

நலம்தானே? என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் பேனாவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். முகவரியை உன் அண்ணனிடம் கெஞ்சி வாங்கினேன், அவரைத் திட்டாதே. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை என்றார். வெயிலுக்கு எப்படித் தாங்குகிறாய்? இங்கே உன் துணி அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஒரு டார்ச் கம்பெனி என் பெயரில் லைட் போடுகிறது! நிஜப் பெயர் இல்லை. டார்ச் சேகரிக்கிற பைத்தியமான நம் கோஷ்டி கூப்பிடுகிற ‘வாத்தியார்’ என்ற பெயர். லைட்டின் உடம்பில் பொடி எழுத்தில் செதுக்குவார்கள். பெரிதாக பிராண்டு போட்டால் நம் ஆட்களுக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியுமே.

ஐந்து மாதிரி கொடுத்திருக்கிறார்கள், ஒட்டுத்தாளில் எண் போட்டு. ஐந்தும் வெள்ளை வெளிச்சம்தான். ஆனால் ஒன்றில் லேசாக ரோஜா ஓடுமாம், ஒன்றில் பச்சை ஓடுமாம். ரோஜா ஓடினால் கோஷ்டி தலையில் வைத்துக் கூத்தாடும். பச்சை ஓடினால் கிழித்துத் தொங்கவிடும். எனக்கு ஐந்தும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஏன் என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

நிறம் அளக்கிற மீட்டர் வாங்கலாமே என்பாய். ‘மீட்டர் எதுக்கு, என் கண்ணு போதும்’ என்று நான் ஊரெல்லாம் சொன்னதை நம்பித்தான் கம்பெனியே வந்திருக்கிறது. வாங்கினால் கடைக்காரர் அரை மணியில் பரப்பிவிடுவார்.

ஐந்தையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எந்த எண் என்று ஒரு வரி எழுது. பழசையெல்லாம் மறந்துவிடலாம்.

என்றும் உன்,
நான்தான்


மார்ச் 7

வாத்தியார் அவர்களுக்கு,

விளக்குகள் வந்து சேர்ந்தன. சாயப்பட்டறையில் நாங்கள் துணியின் நிறம் ஒத்துப்பார்க்கும் சாம்பல் நிறப் பெட்டிக்குள், வெளுத்த துணி விரித்து, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன்.

இரண்டாம் எண்தான் நீங்கள் தேடுவது. ரோஜா மெலிசாக ஓடுகிறது. கையின் மேல் அடித்தால் கை உயிரோடு இருக்கிறது. ஒன்றும் ஐந்தும் சுமார். மூன்றில் மஞ்சள் அதிகம். நான்காம் எண் பச்சை. அதைத் தொடவே தொடாதீர்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கோபம் போய்விட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. போகவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் கோஷ்டிக்கு டீ போட்டேன். அவர்கள் கொண்டுவரும் லைட் பச்சை என்றால் டீத்தட்டை உங்கள் இடக்கைப் பக்கம் வைப்பேன், நல்லது என்றால் வலப்பக்கம். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கண்ணைச் சுருக்கித் தீர்ப்புச் சொல்வீர்கள். எல்லோரும் ஆஹா என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஆகஸ்டில் நான் இடப்பக்கம் வைத்தேன். நீங்கள் பேச்சு மும்முரத்தில் கவனிக்காமல் அந்த லைட்டைப் புகழ்ந்துகொண்டே போனீர்கள். உங்கள் மானம் போய்விடுமே என்றுதான் வாய் திறந்தேன். “பச்சை அடிக்குதுங்க.” பதினோரு பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? “உனக்கு என்னடி தெரியும்? உள்ள போ.” ஒருத்தர் சிரித்தார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

எல்லோரும் போனபிறகு சமையலறைக்கு வந்து, அதே லைட்டை நீட்டி, “நிஜமாவே பச்சையா?” என்று மெதுவாகக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்கு முகவரி கொடுத்த தண்டனையாக அண்ணனோடு ஒரு வாரம் பேச்சு நிறுத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைக்காரி


மார்ச் 12

அம்மணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபது வருஷமாகப் பொய் கிளெய்ம் பார்க்கிற ஆள் நான் என்பதை மறந்துவிட்டாயா? எவன் கேட்காததையெல்லாம் அடித்துச் சொல்கிறானோ அவன் எதையோ மறைக்கிறான்.

மனசு முழுக்க எனக்கு எதிராகக் கொதிக்கிறது. அப்படிப்பட்டவள் கூரியர் வந்த மறுநாளே உட்கார்ந்து எனக்கு நல்லது செய்வாளாம்! ‘இரண்டுதான்’ என்று தள்ளுகிறாய். ‘நான்கைத் தொடவே தொடாதீர்கள்’ என்று பயமுறுத்துகிறாய். என் பெயரைச் சந்தி சிரிக்க வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு உனக்கு எப்போது கிடைக்கும்?

அதனால் நான்காம் எண்ணைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் “உறுதியா சார்?” என்று கேட்டார். “என் கண்ணை விடவா?” என்றேன். இருபத்தைந்தாம் தேதி வரை மாற்றலாமாம். மாற்றப் போவதில்லை.

டீத்தட்டுக் கதையெல்லாம் எழுதியிருக்கிறாய். தட்டு வைத்தவள் நீ, ஆனால் பேசியது நான். நாற்பது பேர் என்னைத் தேடி வந்தது உன் டீக்காக இல்லை.

வாத்தியார்


மே 11

என் தங்கமே,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

நேற்று வெளியீடு. கம்பெனி மாடியில் நாற்பது பேர். ஜன்னலையெல்லாம் மூடி, வெள்ளைச் சுவரில் நானே முதலில் அடித்தேன். ஒருத்தரும் பேசவில்லை. அசந்து போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, “ரோஜா எப்படி இழையுது பாருங்க!” என்றேன். பின்னால் இருந்து ஒரு குரல், “வாத்தியாரே, இது குளத்துப் பாசி.” அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. இன்று காலையிலிருந்து லைட்டிலிருந்து என் பெயரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துக் கோஷ்டி வாட்ஸ்அப்பில் படம் படமாகப் போடுகிறார்கள்.

மேனேஜர் காரணம் கேட்டார். வாய் தவறி, உன்னிடம் யோசனை கேட்டதாகவும் நீதான் நான்கு என்றதாகவும் சொல்லிவிட்டேன். அவர் உன்னைப் பார்க்க வருவார். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு. பட்டறை வெளிச்சத்தில் பிசகிவிட்டது என்று சொன்னால் நம்புவார்கள். உனக்கு அதில் என்ன குறைந்துவிடும்?

என் கண் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே. காலில் விழுந்து கேட்கிறேன். ரயில் டிரைவர் வேலைக்கு, நிறம் பிரித்துத் தெரியவில்லை என்று கண் சோதனையில் கழித்தார்கள் என்பது என் அப்பாவுக்கே தெரியாது. பரீட்சையில் கோட்டை விட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்துவிடு. இனிமேல் நீ ஹாலிலேயே உட்காரு.

உன்னுடைய,
உன்னுடையவன்


மே 19

வாத்தியார் அவர்களுக்கு,

மேனேஜர் சனிக்கிழமை பட்டறைக்கே வந்தார். வயதானவர், ஈரத்துணி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, “நீங்கதான் நாலுன்னு சொன்னீங்களாம்மா?” என்று கேட்டார். நிறம் பற்றி எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வது எங்கள் வேலைப் பழக்கம். உங்களுக்கு எழுதியதில் விளக்குகளைப் பற்றிய பத்தியின் நகலை மட்டும் எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, “அப்புறம் ஏன் இவரு நாலை எடுத்தாரு?” என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலை எழுதும் முன்னால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனால் நல்ல மனசோடு எழுதவில்லை. என் கோபத்தைப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? நான்கு என்று நீங்கள் மார்தட்டி எழுதியபோது, மாற்றுவதற்குப் பத்து நாளுக்கு மேல் இருந்தது. “ஒரு வரி எழுதிப் போடேம்மா” என்று அண்ணன்கூடச் சொன்னார். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். சுகமாகத் தூங்கினேன்.

உங்கள் கண் விஷயத்தை மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வாய் தவறி இல்லை. உங்கள் தலை குனிய வேண்டும் என்பதற்காகவே சொன்னேன். அவர் சிரிப்பார், போய் நாற்பது பேரிடம் சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “இதுல என்னம்மா இருக்கு? எங்க ஃபோர்மேனுக்கும் இதேதான். முன்னாடியே சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் போட்டிருப்போமே!” என்றார்.

யாருமே பொருட்படுத்தாத ஒன்றுக்காக நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பயந்தீர்கள். அந்தப் பயத்துக்கு நான் பன்னிரண்டு வருஷம் முட்டுக்கொடுத்தேன். ஒரு நிமிஷம் உங்களை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்போதுதான் உங்கள் கடைசிக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் வேலை சொல்லியிருக்கிறீர்கள், கெஞ்சியிருக்கிறீர்கள், ஹாலில் இடம்கூட ஒதுக்கியிருக்கிறீர்கள். தப்பு செய்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தை எங்கே என்று திருப்பித் திருப்பித் தேடினேன். இல்லை.

அடுத்த லைட்டுக்கு நிறம் பார்த்துத் தரச் சொல்லி மேனேஜர் கேட்டிருக்கிறார். சம்மதித்துவிட்டேன்.

வக்கீல் நோட்டீஸ் அடுத்த வாரம் வரும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துதான். யாரையும் கேட்காமல் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாக இருந்தவள்