தண்டவாளத்துப் பக்க ஜன்னல்

ஆனி மாதம், சனிக்கிழமை இரவு. குத்துக்கல்வலசை.

என் மகள் மலரைப் பிரசவத்துக்கு இந்தப் புது வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று வளைகாப்பில் எல்லார் முன்னாலும் சொன்னவள் சம்பந்தியம்மாள். "ரயிலுக்குப் பக்கத்துல பச்சப்பிள்ளைய எப்படி உறங்க வைப்பிய?" அதை நான் மறக்கவில்லை. குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்தபோது தண்டவாளத்தை ஒட்டிய மனையை என் தலையில் கட்டிய அண்ணனையும்தான்.

அதற்காகவே மலருக்கான அறையின் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, சந்தெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தேன்.

இன்று குற்றாலம் மெயின் அருவியில் வெகுநேரம் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சம்பந்தியம்மாள் வந்தாள். ஜன்னலைச் சாத்தி அந்த அறையிலேயே உட்கார வைத்தோம். காப்பி குடித்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். செங்கோட்டை வண்டி போனது. எனக்கு மெல்லிய உறுமல் கேட்டது. அவள் பேச்சு நிற்கவில்லை.

"ரயிலு எப்பம் வரும் அண்ணாச்சி?"

"இப்பம்தான் போச்சு."

"சும்மா சொல்லாதிய!"

"நீங்க பேசுன பேச்சுல அது பயந்து ஓடிட்டு மைனி" என்றாள் என் மனைவி. சம்பந்தியம்மாளே சிரித்துவிட்டாள்.

"அப்பம் வார வியாழக்கிழமை மலரைக் கூட்டிட்டு வந்து விடுதோம்."

வளைகாப்பில் அவள் சொன்னதற்கு ஒரு பதில் சேர்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, அவளுக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்துகிறது. மெயின் அருவியில் அவ்வளவு நேரம் நின்றவளுக்குக் காதில் தண்ணீர் அடைத்திருக்குமோ? மனைவியிடம் கேட்டேன். "வாயத் தொறக்காதிய" என்றாள்.

பிறக்கப்போகும் பிள்ளை அருவியில் குளித்துவிட்டு வராது. நாளைக்கே தென்காசியில் கனத்த திரைச்சீலை வாங்க வேண்டும். கதவடிச் சந்துக்கும் ஏதாவது செய்யலாம். மலருக்கு மஞ்சள் நிறம் பிடிக்கும்.