கல் வாங்கில் முப்பத்தைந்து நிமிடம்

குளிர்கால ஜாக்கெற்றின் உட்பையில் இன்று விரல் நீளப் பென்சில் ஒன்று அகப்பட்டது. நீ என்னிடம் தந்துவைத்தது. நுனியில் உன் பற்குறிகள். எழுபத்துநான்கு வயதுவரை பென்சில் கடிக்கும் பழக்கத்தை விடாத வேறொருத்தியை நான் அறியேன்.

அது எதற்கென்று பிறருக்கு விளக்குவது எப்போதும் சிரமமாகவே இருந்தது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் போடுவார். நாம் கைபேசியோடு போய்த் தேடியெடுத்து, உள்ளிருக்கும் சிறு கொப்பியில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம். ஜியோகேஷிங் என்பார்கள். புவியியல் கற்பித்த நீதான் என்னை இதற்குள் இழுத்தாய். "அம்மாவும் அன்ரியும் குப்பை பொறுக்கப் போகினம்" என்று உன் மகள் கேலிசெய்வாள்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. முதலில் கண்டவள் டப்பாவைத் தொடக்கூடாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தள்ளிப்போய் உட்கார வேண்டும். மற்றவள் தானாகக் காணும்வரை வாய் திறக்கக்கூடாது. தோற்றால் இணையத்தில் 'காணவில்லை' என்று பதிய வேண்டும். "காணாததைக் கண்டனெண்டு எழுதுறவள் எதையும் எழுதுவாள்" என்பாய்.

கடைசியாகப் போனது, நகரின் கிழக்கே ஒரு பழைய செல்வந்தரின் மாளிகைத் தோட்டத்துக்கு. இலைகள் உதிர்ந்து முடிந்திருந்தன. உடைந்த கல் தூணின் அடியில், படர்கொடிக்குள் டப்பாவை நான் உடனே கண்டேன். மாளிகைக்கு எதிரேயிருந்த கல் வாங்கில் போய் அமர்ந்து, கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டேன். உன்னை எத்தனை நிமிடத்தால் வென்றேன் என்று பிறகு சொல்லிக்காட்ட வேண்டுமே.

நீ அந்தத் தூணையே மூன்றுமுறை சுற்றினாய். காலை இழுத்தாய், சப்பாத்துக்குள் கல் என்று எண்ணினேன். கையுறை விழுந்தது, நீ குனியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, நாக்குத் தடிக்கக் கேட்டாய்.

"எடி, எங்கையடி... சொல்லன்."

ஐம்பது வருடங்களில் நீ என்னிடம் உதவி கேட்டதில்லை. ஆகவே நடிக்கிறாய் என்று முடிவுகட்டினேன்.

"சட்டம் சட்டம்தான். தேடு."

தேடினாய். தூணைப் பிடித்தபடி சரிந்து விழும்வரை தேடினாய்.

அம்புலன்ஸில் வந்த பெண், பக்கவாதம் போலிருக்கிறது, மருந்துக்கு நேரக்கணக்கு முக்கியம் என்று சொல்லி, இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டாள். முப்பத்தைந்து நிமிடம் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஐந்து என்றேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். உண்மையைச் சொல்லியிருந்தால் ஏதும் மாறியிருக்குமா என்று எந்த மருத்துவரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலிருப்பது வசதியாக இருக்கிறது.

பக்கத்து நகரான பிக்கரிங்கிலிருந்து உன் மகள் ஞாயிறுதோறும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறாள். போன கிழமையும் சொன்னாள்: "நல்லகாலம் அன்ரி, நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். அம்மா தனிய எண்டால் என்ன செய்திருப்பா." நான் அவள் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

உன் பெயரில் 'காணவில்லை' என்று பதிந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றி நான் சொன்னதிலும் எழுதியதிலும் அது ஒன்றுதான் உண்மை. டப்பா இன்னும் அந்தத் தூணடியில்தான் கிடக்கிறது. நீ காணாததை நான் தொடமுடியாது.

பென்சிலை உட்பையிலேயே திரும்ப வைத்தேன். இந்த ஞாயிறும் உன் மகள் வருவாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல், அவள் தானாகக் காணும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.