நிலத்தின் வெம்மையைக் கேட்ட ஆவியரையருக்கு

நலம் நிறைக. பனிமலைகள் யாவும் தம் குடைக்கீழ் அமைதியுற, வெண்கோட்டு நாட்டை ஆளும் அல்லியங்கோதைத் தேவியார், மேற்குக் கணவாய்க்கு அப்பால் மூங்கிற்காடும் தேனருவியும் உடைய கருங்கழை நாட்டைக் காத்துவரும் ஆவியரையர் இளவெயினருக்கு எழுதுவித்த ஓலை. உமது குடிகள் நோயின்றி வாழ்க. உமது மலைகளில் மழை தவறாது இறங்குக.

உம் நாட்டுப் பாறைப் பிளவுகளில் வெந்நீராவி எழுவதாகவும், எம் நகரைப் போல் உம் மாளிகைக்கும் வெம்மையூட்ட எம் சுரங்கத் தலைவர் கீரனாரை அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தீர். அனுப்புகிறோம். ஆயினும் அவர் வந்து சேருமுன் இங்கு நிகழ்ந்ததை நீர் அறிதல் வேண்டும்.

முன்னெல்லாம் எம் குளிர்காலம் விறகால் கழிந்தது. அடுப்பு அணையாதிருக்க வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து விழித்திருப்பர். ஆகவே எம் மக்கள் கனவுகளை முடிவுவரை கண்டதில்லை. காடு குன்றி மலைகள் மொட்டையாகி வந்த வேளையில், கீரனார் பாறையைக் குடைந்து, ஆழத்தில் கிடந்த ஆவியை மேலே கொணர்ந்தார். அது கற்குழாய்களில் ஓடி அரண்மனைத் தளத்தையும் தெருக்களையும் வெதுவெதுப்பாக்கியது. அதன் வேகத்தில் பெருஞ்சக்கரங்கள் சுழன்று மாவரைத்தன, நீரிறைத்தன. நகரம் வெண்புகைமேல் மிதப்பது போலிருந்தது. வீதியில் இறங்கிய பனி, தரையைத் தொடுமுன்னே மனம் மாறியதுபோல் நீராகிற்று. மக்கள் விடியும்வரை உறங்கி, தம் கனவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். யாமும் அவ்வாறே உறங்கினோம்.

அடுத்த பனிப்பருவத்தில், அடிவாரத்து ஊரினளாகிய நீலவஞ்சி என்பாள், பிறந்த மகவை மார்போடு அணைத்து அவைக்கு வந்தாள். தம்மூரார் நெடுங்காலம் நீராடிய வெந்நீர்ச் சுனை குளிர்ந்துவிட்டதென்றும், ஈன்ற பெண்களுக்கும் சிசுக்களுக்கும் வேறு வெம்மை இல்லையென்றும் முறையிட்டாள். அமைச்சர்கள் அது இயற்கையின் போக்கென்றனர். அவள் எம் தரையில் வெறுங்காலுடன் நின்று, "தாயே, எங்க சுனையோட சூடு இங்கதான் இருக்கு. என் காலுக்குத் தெரியுது," என்றாள்.

கீரனாரை வினவினோம். எடுத்த ஆவி குளிர்ந்து நீராகி ஆற்றில் வீணே கலப்பதால் நிலத்தின் அடி வற்றுகிறதென்றும், மற்றொரு கிணறு தோண்டி அந்நீரை ஆழத்திற்கே திருப்பினால் சுனை மீளக்கூடுமென்றும், அதுவரை குழாய்களை அடைக்கவேண்டுமென்றும், மீளும் என்று தம்மால் உறுதிகூற இயலாதென்றும் அவர் உரைத்தார். முதலில் அரண்மனைக் குழாயை அடைத்தோம், பின்னர் தெருக்குழாய்களை. கீரனார் நீர் திருப்பும் கிணற்றைத் தோண்டலானார். நீலவஞ்சியையும் மகவையும் அரண்மனை மடைப்பள்ளியருகே தங்கச் செய்தோம். எம் படுக்கையறைச் சுவரில் பனி பூத்தது. நகரத்தார் சிலர் எம்மை வைதனர், பொறுத்தோம்.

வேனில் தொடங்கிய ஒரு காலையில், சுனைமேல் மெல்லிய ஆவி எழுந்ததென்று செய்தி வந்தது. நடந்தே சென்று நீரில் கையிட்டோம். உறங்கும் குழந்தையின் கழுத்தடி போல இளஞ்சூடாயிருந்தது.

ஆகவே ஆணையிடுகிறோம். ஆவி எடுக்கும் கிணற்றுக்கு முன்னே, நீர் திருப்பும் கிணற்றைத் தோண்டுக. உம் நாட்டுச் சுனைகளில் நாளும் கைவைத்துப் பார்க்க அவ்வவ்வூர்ப் பெண்களை அமர்த்துக. குளிர்ந்தது என்று அவர்கள் சொன்னால், வேறெவரையும் கேளாது சக்கரங்களை நிறுத்துக. வெம்மை முதலில் குடிகளின் வீடுகளுக்குச் செல்க. உம் மாளிகைக்கு இறுதியில் வருக.

இதற்கு எம் பனிமலர் முத்திரையே சான்று. உம் முறை வரும்வரை போர்த்திக்கொள்ள, அந்தக் குளிர்காலம் முழுதும் யாம் போர்த்திய கம்பளியை இவ்வோலையுடன் அனுப்பியுள்ளோம்.