விமான நிலையத்துக்கு அரை மணி தூரத்தில் ஒரு மலை

டோக்கியோ, நெரிமா
20 நவம்பர் 2016

அன்புள்ள தெய்ஜி சானுக்கு,

சுமியே எழுதுகிறேன். கண்ணைத் தவிர நான் சுகம். கண்ணும் இப்போது பரவாயில்லை. நீங்களும் உங்கள் ஆரஞ்சு மரங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் தொலைபேசியை எடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

செப்டம்பரில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சின்ன சிகிச்சைதான். அங்கே ஒரு பெண், "அவசரம்னா யாரைக் கூப்பிடணும்மா?" என்று கேட்டாள். பிள்ளை குட்டி இல்லை. கணவர் இருக்கிறார், ஆனால் கூப்பிடு தூரத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு மிசாவா அம்மாவின் பெயரைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன்.

ஆறு வருஷமாக நான் மனைவியும் இல்லை, தனியாளும் இல்லை. இது போதும் என்று தோன்றிவிட்டது. வார்டு அலுவலகத்தில் போய் அந்தப் பச்சைக் கோடு போட்ட விவாகரத்துக் காகிதத்தை வாங்கி வந்தேன். என் பக்கம் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையும் வைத்தாயிற்று. உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது.

அதைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. ஸ்கீ போகும்போது சந்தித்தவர்கள் நாம். ஒரு நாள் சேர்ந்து சறுக்குவோம், மலைக் கடையில் உட்கார்ந்து கறிக்குழம்புச் சோறு சாப்பிடுவோம், நீங்கள் முத்திரை வையுங்கள். மலையை நீங்களே பாருங்கள். முப்பது வருஷம் பயண நிறுவனத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்கீ மலை தேடிக் கொடுத்தவர் அல்லவா. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. விமான நிலையத்திலிருந்து மலைக்கு அரை மணிக்கு மேல் ஆகக் கூடாது. நீங்கள் காலை விமானத்தில் வந்து மாலை விமானத்தில் திரும்பிவிட வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இரவு தங்கும் பேச்சு வேண்டாம்.

குளிரில் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமியே


எஹிமே, யவத்தஹாமா
29 நவம்பர் 2016

அன்புள்ள சுமியேக்கு,

உன் கடிதத்தை ஆரஞ்சுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பழம் தரம் பிரித்தேன். பெரியதும் சிறியதும் ஒரே பெட்டியில் போயிருக்கிறது என்று கூட்டுறவுச் சங்கத்தில் திட்டினார்கள்.

கண் சிகிச்சையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். வந்திருப்பேன். நீ சொல்லவில்லை என்று குறை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்பாய். இல்லைதான். ஆனாலும் குறைதான்.

காகிதத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மலையைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரியும். ஹொக்காய்தோவில் அசாஹிகாவா பக்கம் இறங்கினால் மாவு மாதிரிப் பனி. நிலையத்திலிருந்து மலை கிட்டத்தான். ஒரே சங்கடம், எனக்குக் கிடைக்கும் விமானம் மதியத்துக்கு மேல்தான் போய்ச் சேரும். அன்று தங்கித்தான் ஆக வேண்டும். ஷோனாயில் இறங்கிப் போகும் மலை இன்னொன்று. கடல் தெரியும். டாக்சியில் ஒன்றேகால் மணி. வண்டிக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் குறையும்.

இந்த வருஷப் பழப்பெட்டி திங்கட்கிழமை புறப்பட்டது. நன்றாக இனிக்கிறது.

தெய்ஜி


டோக்கியோ, நெரிமா
6 டிசம்பர் 2016

அன்புள்ள தெய்ஜி சானுக்கு,

நான் கேட்டது அரை மணி. நீங்கள் ஒரு இடத்தில் இரவு தங்கச் சொல்கிறீர்கள், இன்னொரு இடத்தில் ஒன்றேகால் மணி என்கிறீர்கள். வாடிக்கையாளர் அரை மணி என்று கேட்டால் இப்படித்தான் கொடுத்தீர்களா? உங்கள் கம்பெனி எப்படி ஓடியதோ.

தெரியாமல் செய்வதாக நினைக்கவில்லை. இழுக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது.

பெட்டி வந்தது. மிசாவா அம்மா, "இந்த வருஷம் போன வருஷத்தைவிட ஜோரா இருக்கு சுமியே சான், அவர்கிட்டச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். நீங்கள் நினைப்பது சரிதான். ஆறு வருஷமாக அதில் ஒரு சுளைகூட என் வாயில் போனதில்லை. உங்கள் அண்ணன் இறந்த துக்கத்தில் இருந்தீர்கள், அவருடைய தோட்டத்தை விட மனசில்லை, எல்லாம் சரி. ஆனால் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, "மார்ச்ல ஊருக்குக் கிளம்பறோம், சாமான் கட்டற பெட்டியெல்லாம் நாளைக்கு வந்துடும்" என்றீர்கள். கேட்கவில்லை. சொன்னீர்கள். கேட்டிருந்தால் நான் வந்திருப்பேனோ என்னவோ, அது எனக்கே தெரியாது. அந்தப் பழத்தை உரித்தால் அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

அரை மணி. பாருங்கள்.

சுமியே


எஹிமே, யவத்தஹாமா
15 டிசம்பர் 2016

அன்புள்ள சுமியேக்கு,

மிசாவா அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். ஆறு வருஷம் பொறுமையாகச் சாப்பிட்டிருக்கிறார்.

நீ கேட்ட மலை கிடைத்துவிட்டது. யமகாத்தாவில் குரோமோரி. விமான நிலையத்திலிருந்து டாக்சியில் முப்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்தை மன்னித்துவிடு. சிறிய மலை, இரண்டே லிஃப்ட், அடிவாரத்தில் ஒரு விடுதி. எனக்குக் காலையில் டோக்கியோ ஹனேதாவில் மாறி ஒரு விமானம், மாலையில் திரும்ப ஒன்று. நீ ரயிலில் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டால் அலுப்பு இருக்காது. ஜனவரி பதினேழு, செவ்வாய். கூட்டம் இருக்காது.

தேடும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபத்தைந்தில் உயெனோவிலிருந்து இரவு ரயில். உட்கார இடமில்லாமல் நடைபாதையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தாய். கதவோரம் நான் சாய்த்து வைத்த ஸ்கீ உன் தலையில் விழுந்தது. நீ திட்டிய திட்டில் பக்கத்துப் பெட்டிக்காரன் எழுந்துகொண்டான். சமாதானத்துக்கு நடைமேடையில் வாங்கிய, உறைய வைத்த ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன், வலைப்பையில் ஐந்து இருக்கும், கல் மாதிரி. "இதால அடிக்கிறதுக்கு உங்க ஸ்கீயே தேவலை" என்றாய். விடியும்வரை அது இளகக் காத்திருந்தோம். அப்போது மலை எவ்வளவு தூரம் என்று யாருமே கேட்டதில்லை. தூரமாக இருந்தால்தான் பேச நேரம் கிடைக்கும்.

பிறகு அதே மலைகளை நான் விற்க ஆரம்பித்தேன். குளிர்காலம் முழுக்க வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நாம் எத்தனை தடவை சேர்ந்து சறுக்கினோம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

என் ஸ்கீயைக் கூரியரில் முன்னாலேயே விடுதிக்கு அனுப்பிவிடுகிறேன். திரும்பி வருவதற்கான விலாசத்தையும் சேர்த்தே எழுதிவிடுவேன்.

தெய்ஜி


டோக்கியோ, நெரிமா
5 ஜனவரி 2017

தெய்ஜி சானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். குரோமோரி சரி. பதினேழும் சரி. விடுதியில் எனக்கு மட்டும் அறை சொல்லிவிட்டேன்.

ஊரில் உள்ள ஜோடிகளையெல்லாம் மலைக்கு அனுப்பிவிட்டு என்னை வீட்டில் உட்கார வைத்த மனிதர், இப்போது எண்ணிப் பார்க்கிறாராம். நானும் எண்ணினேன். நான்கு தடவை.

முத்திரைக்கட்டையை மறக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

சுமியே


ஹனேதா விமான நிலையம்
17 ஜனவரி 2017

அன்புள்ள சுமியேக்கு,

விடுதிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன், நீ லிஃப்ட் பக்கம் போயிருக்கிறாய் என்றார்கள். இருந்தாலும் நடந்ததை என் கையால் எழுத வேண்டும்.

காலையில் ஏறும்போதே அறிவிப்பு. "யமகாத்தால பனி கொட்டுது. இறங்க முடியலேன்னா ஹனேதாவுக்கே திரும்பிடுவோம். சம்மதம்னா ஏறுங்க." நம் கல்யாணத்தன்றும் யாராவது இப்படி ஒரு அறிவிப்பு செய்திருக்கலாம். ஆனாலும் நான் ஏறியிருப்பேன்.

மேலே போய் மூன்று சுற்றுச் சுற்றினோம். கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், "மலைக்குப் பக்கத்துல நிலையத்தைக் கட்டினா மலையோட பனிதானே அங்கேயும் விழும்" என்றார். முப்பது வருஷத் தொழில், இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஜனவரியில் அங்கே விமானத்தை நம்பக் கூடாது என்று தெரிந்துதான் இருந்தது. நீ அரை மணி கேட்டாய், அதனால் கொடுத்தேன். மறுபடியும் இழுத்தேன் என்று நீ நினைத்தால், அதில் பாதி உண்மை இருக்கலாம். இன்று திரும்பிவிட்டேனே என்று அந்த வானத்தில் எனக்கு அழுகை வந்தது முழு உண்மை.

ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். நீ மலையில், நான் உன் ஊரில். மாலை விமானம் வரை என்ன செய்வது? நெரிமாவுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தை நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன், தபால்காரருக்கு ஒரு வேலை மிச்சம்.

முத்திரைக்கட்டை ஸ்கீப் பையில், கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது. காலையில் கிளம்பும்போது வேண்டுமென்றே மறந்துவிடுவேனோ என்று பயந்து முன்னாலேயே அனுப்பிவிட்டேன். காகிதமும் உன்னிடம் இருக்கிறது. என் பெயரை எனக்குப் பதிலாக எத்தனை இடத்தில் எழுதியிருப்பாய், இதிலும் எழுதிக்கொள். நான் மறுக்க மாட்டேன். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன்.

அன்று கேட்காததை இன்று கேட்கிறேன். உனக்கு எங்கே இருக்க விருப்பம், சுமியே?

(பின்குறிப்பு, உன் வாசலில் நின்று எழுதுகிறேன். பெயர்ப்பலகையில் என் பெயர் இன்னும் இருக்கிறது. உன் பெயருக்கு மேலே, பழையபடியே. மிசாவா அம்மா பார்த்துவிட்டார். "அட, ஆரஞ்சுக்காரர்!" என்று கூவிவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். போகிறேன்.)

தெய்ஜி


டோக்கியோ, நெரிமா
24 ஜனவரி 2017

அன்புள்ள தெய்ஜி சானுக்கு,

பெயர்ப்பலகையில் பெரிதாக ஒன்றுமில்லை. திருகாணி துருப்பிடித்துவிட்டது, கழற்ற வரவில்லை. நீங்கள் அதையும் இதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

பதினேழாம் தேதி காலை நான் சறுக்குக் காலணியெல்லாம் மாட்டிக்கொண்டு லிஃப்ட் அடியில் நின்றேன். மேலே மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டது. ஒரு தடவை வந்து போனது, மறுபடி வந்தது. லிஃப்ட்காரர் மேலே பார்த்து, "பாவம், எறங்க எடம் தேடுது" என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு சத்தம் தேய்ந்துவிட்டது. நான் நிம்மதிப்படுவேன் என்று நினைத்தேன். படவில்லை. பனியில் நின்று, இவ்வளவு வயதான பெண்மணி, தேம்பித் தேம்பி அழுதேன். லிஃப்ட்காரர் நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

விடுதிக்கார அம்மா வந்து, "ஐயா போன் பண்ணாரு. வர முடியலையாம். பையில பழம் இருக்காம், நீங்க எடுத்துக்கணுமாம்" என்றார். உங்கள் பையை முதல் நாள் நான்தான் வெளிக் கொட்டகையில் வைக்கச் சொன்னேன். ஸ்கீதானே, குளிர் என்ன செய்யும் என்று. ஸ்கீப் பைக்குள் ஆரஞ்சு வைத்து அனுப்பும் மனிதர் இந்த நாட்டிலேயே நீங்கள் ஒருவர்தான். திறந்து பார்த்தால் ஐந்தும் கல்லாக உறைந்து கிடக்கின்றன. வலைப்பையில் வேறு போட்டிருக்கிறீர்கள். அதை எங்கே தேடிப் பிடித்தீர்கள்? பக்கத்தில் கிடந்த கம்பளிக் காலுறைக்குள் கையில் தட்டுப்பட்டது உங்கள் முத்திரைக்கட்டை.

இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். தோல் உரிய மாட்டேன் என்கிறது. கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து இளக்கி, இளக்கி, உச்சிக்குப் போவதற்குள் ஒன்று தயாரானது. சாப்பிட்டேன். பல் கூசியது. மிசாவா அம்மா பொய் சொல்லவில்லை.

அன்று ரயில் இல்லாததால் இன்னொரு நாள் தங்கினேன். காகிதமும் முத்திரைக்கட்டையும் சாயங்காலம் முழுக்க என் முன்னால் மேசையில் இருந்தன. உங்கள் பெயரை எழுத எனக்கு நேரமாகாது. உங்களைவிட அழகாகவே எழுதுவேன். விடுதிக்கார அம்மா டீ கொண்டுவந்து, "என்னம்மா, வருமான வரியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். நீங்களே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல வேளை, அங்கே இருக்கும்போது அது என் கையில் இல்லை. காகிதத்தைக் கிழிக்கவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரியில் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு இதில் பதில் எழுத மாட்டேன். ஆறு வருஷம் தாமதமாக வந்த கேள்வி. நேரில் வந்து, உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் பதிலையும் கேளுங்கள்.

உங்கள் ஸ்கீயைத் திருப்பி அனுப்பவில்லை. நீங்கள் எழுதி வைத்த விலாசத்தை மாற்றி நெரிமாவுக்கு வரவழைத்துவிட்டேன். முத்திரைக்கட்டையும் அதே காலுறைக்குள் இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நீங்கள் அங்கே வங்கியில் திண்டாடுவீர்கள் என்று தெரியும், அதனால் சீக்கிரம் வாருங்கள்.

பிப்ரவரிக்கு மலையை இந்தத் தடவை நான் பார்த்துவிட்டேன். உயெனோவில் ரயில் ஏற வேண்டும், இரண்டு இடத்தில் மாற வேண்டும், அப்புறம் நாளுக்கு இரண்டே தடவை போகும் பஸ். விமான நிலையம் பக்கத்தில் எங்கேயும் இல்லை, நன்றாக விசாரித்துவிட்டேன். போனால் அன்றைக்கே திரும்ப முடியாது.

பழம் கொண்டு வாருங்கள். மிசாவா அம்மாவுக்குத் தனியாக ஒரு பை. என்னுடையதில் அவருக்குப் பங்கு கிடையாது.

சுமியே