கையில் இறுகிய வளையல்

ஏரி இரண்டாம் தடவை நிரம்பி வழிந்து கோடி போன வருடம், ஐப்பசி, செவ்வாய். எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசிப் பதிந்து வைக்கிறேன்.

வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்ற மாட்டோம். இன்று பேத்தி செல்வியின் கையில் அது சதையில் பதிந்திருந்தது.

"மாசமா இருந்தா நீர் ஏறத்தான் செய்யும். சும்மா இருங்க மாமா" என்றாள் மருமகள், செல்வியின் அம்மா.

என் அக்காவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். வலிப்பு வந்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் ஏறியிருந்தது, சிறுநீரில் உப்பு என்று சொல்கிற புரதமும் இருந்தது. நர்ஸ் வளையலை உடைத்து எடுத்தபோது மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுக்கையில் சேர்த்தார்கள். மாத்திரையில் சாயங்காலமே பிரஷர் இறங்கியது. பிள்ளையின் துடிப்பும் நன்றாக இருக்கிறதாம்.

"வளையல் போச்சேங்க அப்பாரு" என்றாள் செல்வி. தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"போவட்டும் சாமி. நீ இருக்கற."

விடிந்ததும் இதை ஒருத்திக்குச் சொல்ல வேண்டும். அக்கா போனதைக் கண்ணால் பார்த்தவர்களில், என்னைத் தவிர உயிரோடு இருப்பது தங்கை பாவாயி.