விருந்தாளிச் சவுக்காரம்

என் கண்ணான பாக்கியத்துக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத மனுசன் கடிதம் போடுகிறானே என்று நீ சிரிப்பாய். நான் வாயால் சொல்கிறேன், நம் மருமகள் மாலா எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், போனவர்களை நினைத்து எழுதுகிற பக்கத்துக்கு அனுப்பலாம் என்றாள். நான் பேசுவதை அப்படியே போட்டால் நம் ஊர் வழக்கப்படி வரிக்கு வரி 'லா' வருமாம். கொஞ்சம் சீர்படுத்தி எழுதுகிறாள். ஆனால் எதையும் விடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லப் போவதில் அவளும் வருகிறாள்.

உன் சவுக்காரம் போய்விட்டது, பாக்கியம்.

அதை முதலில் சொல்லாமல் வேறு எதுவும் எனக்கு வாயில் வராது.

உன் காரியமெல்லாம் முடிந்ததும் போர்ட் கிள்ளான் வாடகை வீட்டை நம் பிள்ளை குமரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். "தனியா கெடந்து என்னாப்பா செய்வீங்க, வாங்க" என்று பிரிக்ஃபீல்ட்ஸில் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். நல்ல வீடு, ரொம்ப உயரம். சன்னலில் நின்றால் கீழே ரயில் போவது தெரியும். கிள்ளான் பக்கம் போகிற ரயில் எது என்று இப்போது எனக்கு அத்துப்படி. அது போகும்போதெல்லாம் எழுந்து நின்று பார்க்கிறேன். யார் இருக்கிறார்கள் அங்கே?

பழைய வீட்டிலிருந்து அலமாரி, கட்டில், உன் பானை சட்டி எல்லாம் யார் யாருக்கோ போனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உன் சவுக்காரத்தை மட்டும் எடுத்து வந்தேன்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மாலா சொல்கிறாள். சரி, சொல்கிறேன். எங்கள் வீட்டில் சோப்பு என்றால் சவுக்காரம். அது தீர்ந்ததே கிடையாது. தேய்ந்து இலை மாதிரி ஆனதும் பாக்கியம் புதுக் கட்டி ஒன்றை நனைப்பாள், பழையதையும் நனைப்பாள், புதியதன் முதுகில் பழையதை வைத்துக் கட்டைவிரலால் ஓரம் சுற்றி அழுத்துவாள். அன்று பகல் முழுக்க யாரும் தொடக் கூடாது. காய்ந்தால் இரண்டும் ஒன்று. பச்சைக் கட்டியில் வெள்ளை, வெள்ளையில் மஞ்சள், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் எது மலிவோ அது.

பக்கத்து வீட்டுக்காரி உன்னைக் கிண்டல் செய்வாளே, ஞாபகம் இருக்கிறதா? "பாக்கியக்கா, இன்னிக்கி உங்க சவுக்காரம் என்னா கலரு?"

"வானவில்லு கலரு. வேணும்னா வந்து குளிச்சிட்டுப் போ. ரொம்பத் தேச்சிராத."

நீ கூசியதே இல்லை. துறைமுகத்துக் கிடங்கில் சிமெண்டு மூட்டை தூக்கிவிட்டு வருவேன். முடியில், காதில், எல்லாம் சாம்பல் நிறத் தூசி. நான் குளிக்கிற சத்தம் கேட்டதும் கதவைத் தட்டுவாய். "என்னாங்க, அது சவுக்காரமா வெண்ணெயா, இந்த வழி வழிக்கிறீங்க?" நான் உள்ளேயிருந்து, "கஞ்சப் பிசினாறி!" என்று கத்துவேன். "ஆமா, கஞ்சம்தான். அந்தக் கஞ்சத்துலதான் உங்க மவன் படிக்கிறான்" என்பாய். உன் குரலில் அப்போது ஒரு மிடுக்கு இருக்கும். நகை போட்டவளுக்குக்கூட அந்த மிடுக்கு வராது.

கல்யாணம் முடிந்து நாம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தபோது வாங்கிய முதல் கட்டியிலிருந்து இந்தச் சங்கிலி அறுந்ததே இல்லை என்பாய். "நம்ம கல்யாணச் சவுக்காரம் ஒரு பொட்டாவது இதுக்குள்ள இருக்கும்லா" என்பாய். நான் சிரிப்பேன். இப்போது யார் சிரித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே ஒரு தடவைதான் நீ விட்டுக் கொடுத்தாய். குமரன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்து, கை கழுவப் போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "டேய், உங்க வீட்டு சோப்பு சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குடா." மறுநாள் பாசாரிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு வாசனைச் சவுக்காரமும், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கி வந்தாய். விருந்தாளிச் சவுக்காரம் என்று அதற்குப் பேர் வைத்தாய். ஆள் வந்தால் மட்டும் வெளியே வரும். ஆள் கிளம்பிப் படி இறங்கும்போதே அதைத் துண்டால் துடைத்துப் பெட்டியில் போட்டு, அலமாரியில் சேலைகளுக்கு நடுவே செருகிவிடுவாய். நீ அதில் ஒரு நாளும் கை கழுவியதில்லை. ஆனால் உன் சேலையெல்லாம் அந்த வாசம்தான்.

நம் வீட்டுக்கு அப்படி என்ன விருந்தாளி வந்தார்கள்? அதனால் அது தேயவே இல்லை.

உன்னைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து குளிக்கப் போனேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் ஒட்டி வைத்தது, நன்றாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம். நான் என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். என் விரல் பெரிது, உள்ளே போகவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு எத்தனை நாள் பள்ளம் இல்லாத பக்கமாகவே தேய்த்தேன். தேயாமல் இருக்குமா? அது இலையானதும் நானே புதுக் கட்டியில் ஒட்டினேன். பிறந்ததிலிருந்து செய்யாத வேலை. முதல் தடவை பிரிந்து விழுந்தது. காய விட வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். மறுபடி ஒட்டினேன், நின்றது. உன் பள்ளம் கரைந்து சாக்கடையோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியாதா? நான் கிறுக்கன் இல்லை. ஆனாலும் அதைக் கையில் எடுத்தால் உன் கையைத் தொட்ட மாதிரிதான் இருந்தது. வேறு எதைத் தொடச் சொல்கிறாய்?

உன் வருசத் திதிக்கு முந்தின நாள், ஆட்கள் வருகிறார்களே என்று மாலா வீட்டைத் துடைத்துக் கழுவினாள். நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து குளியலறையில் பார்த்தேன். கண்ணாடிப் போத்தல் ஒன்று நின்றது.

"மாலா, இங்க இருந்த சவுக்காரம் எங்கம்மா?"

"அந்தப் பழைய சோப்பா மாமா? பிசுபிசுன்னு இருந்திச்சு, காலையிலேயே குப்பையில போட்டுட்டேன். இது புதுசு, மேல அமுக்குனா வரும்."

இந்த இடத்தில் மாலா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எழுதும்மா" என்கிறேன். "நான் போட்டுட்டேன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமா மாமா?" என்று அழுகிறாள். பாக்கியம், உனக்குத்தான் சொல்கிறேன், ஊருக்கும் சொல்கிறேன். அவள் மேல் குற்றம் இல்லை. அது என்ன என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வேன்? மாமனார் மருமகளிடம் சொல்கிற விசயமா அது?

நான் கீழே குப்பை அறைக்குப் போனேன். தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருக்கிற நேபாளக்காரர் வந்து, "அங்கிள், என்னா தொலைஞ்சிச்சு, தங்கமா?" என்று மலாயில் கேட்டார்.

"சாபுன்" என்றேன்.

அவருக்குத் தன் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "சாபுன்?" என்று இரண்டு கையாலும் தேய்த்துக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அந்தா கடையில இருக்கே அங்கிள்" என்று ரோட்டுக்கு எதிரே கையை நீட்டினார்.

அதற்குள் மாலா இறங்கி வந்துவிட்டாள். "என்னா மாமா தேடுறீங்க? மோதிரமா?" அப்போதுதான் சொன்னேன். "அத்தை ஒட்டுனதும்மா அது." அவ்வளவுதான் சொல்ல வந்தது. அந்தப் பிள்ளை நகத்தில் சாயம் பூசிய கையை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டாள். ஒவ்வொரு பையாகப் பிரித்தாள். காவல்காரர்தான் சொன்னார், காலைக் குப்பையை லோரி எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று.

குமரன் வேலை முடிந்து வந்தான். விசயம் தெரிந்ததும் முதலில் அவனுக்குக் கோபம்தான். "ஒரு சோப்புக்காகவா ப்பா குப்பைத் தொட்டியில கையை விட்டீங்க? ஆளுங்க பார்த்தா என்னா நெனப்பாங்க?"

"ஒங்கம்மா ஒட்டுன சவுக்காரம்டா" என்றேன்.

நின்றான். பிறகு அறைக்குள் போனான். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது அவன் கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. உன் பெட்டி, பாக்கியம்! உள்ளே ரோஸ் நிறம் வெளுத்துப்போய், ஓரம் கூட மழுங்காமல் விருந்தாளிச் சவுக்காரம்.

வீட்டைக் காலி செய்தபோது எடுத்துத் தன் ஆபீஸ் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்திருக்கிறான். தினமும் அவன் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்தில் வந்தால் எனக்கு உன் ஞாபகம் வரும். பெற்ற பிள்ளை, அம்மா சாயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது எனக்காக வாங்குனது ப்பா" என்றான். "அன்னைக்கி என் சிநேகிதன் சிரிச்சான்ல, நானும் அவன்கூட சேர்ந்து சிரிச்சேன். அம்மா அடுப்படியில நின்னு என்னயத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவனப் பார்க்கல."

நீ ஏன் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை?

திதி அன்று கண்ணாடிப் போத்தலை மாலாவே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். உன் பெட்டியைத் திறந்து கை கழுவுகிற இடத்தில் வைத்தேன். படையல் போட்டுச் சாப்பிட உட்காரும் முன் எல்லாரும் கை கழுவினார்கள். காப்பாரிலிருந்து வந்திருந்த உன் தங்கச்சி தனம் ஈரக் கையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, இது அக்கா வீட்டு வாசம்லா! இன்னுமா இது தீரல? அடி கஞ்சப் பிசினாறி அக்கா!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை யாரும் தூக்கவில்லை. தூக்க வேண்டியவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அதைத் துண்டால் துடைத்தேன். பெட்டியில் போட்டு மூடினேன். குமரனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "நீங்க வச்சிக்குங்க ப்பா" என்றான்.

இரண்டு நாள் அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்தால் கரையும். தேய்க்காமல் வைத்தால் உனக்குப் பிடிக்காது. சும்மா கிடக்கிற சாமானைப் பார்த்தால் உனக்கு ஆகாது. ஆனால் நீ ஒரு நாளும் தொட்டுக் குளிக்காததில் நான் எப்படிக் குளிப்பது? வீட்டு ஆளுக்கு இல்லை என்று நீதானே சொன்னாய்?

பிறகு சன்னலில் நின்று கிள்ளான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. நான் இப்போது எந்த வீட்டு ஆள், பாக்கியம்? பிள்ளைகள் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மாலா, இதையும் எழுதும்மா. ஆனால் நம் வீடு என்பது நீ கதவைத் தட்டித் திட்டுகிற இடம். இங்கே எவ்வளவு நேரம் தேய்த்தாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் விருந்தாளிதான். அப்படியென்றால் அது எனக்கு உரியதுதானே?

இன்று காலையில் அதைத் தேய்த்துக் குளித்தேன். கொஞ்சமாகத்தான் தேய்த்தேன். உன் சேலை வாசம். வெளியே வர ரொம்ப நேரம் ஆகிவிட்டது, மாலா பயந்துபோய்க் கூப்பிட்டாள்.

உனக்கு ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். இதை ஈரத்தில் கிடக்க விட மாட்டேன். வழிக்க மாட்டேன். இலையாகிற காலம் வரை நான் இருந்தால், புதுக் கட்டியில் ஒட்டிக் காய வைப்பேன். சங்கிலி அறுந்துபோனது போனதுதான், இது இன்னொன்று. அதற்கு முன் நான் கிளம்பிவிட்டால் ஒரு வேலை உனக்கு இருக்கிறது. விருந்தாளி படி இறங்கும்போதே துடைத்து எடுத்து வைப்பது எப்போதும் நீதான். அதை மட்டும் வந்து செய்துவிடு. நான் படியில் நிற்கிறேன்.

கைநாட்டு வைத்து,
உன் வீட்டுக்காரன்,
குமரனுக்கு அப்பா.