எட்டு லேப்டாப், கருப்புத் திரை

அக். 1, புதன்

காலையிலிருந்து தூறல். சென்னையில் மூடிய ஒரு அலுவலகத்தின் பழைய லேப்டாப் எட்டு, திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் பங்கு மண்டபத்துக்கு வந்தன. எல்லாம் ஒரே மாடல். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. விண்டோஸை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம் என்று ஃபாதரிடம் வாய்விட்டவள் நான்தான். ஒலக்கூர்ப் பக்கத்துப் பெண்கள் பதினொரு பேர் டைப்பிங் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அடுத்த புதனுக்குள் ஓடவில்லை என்றால் மண்டபம் தையல் வகுப்புக்கு.

ஆயுத பூஜை வேறு. பதினொருவரில் ஒருத்தி, தேவி, சந்தனம் குங்குமம் கொண்டுவந்தாள். "பொட்டு வைக்காம மெஷினை எப்டி மிஸ் தொடுறது? மாதா கோவிச்சுக்க மாட்டாங்க." நானே வைத்தேன். எட்டுக்கும், திரைக்கு மேலே, சரியாக நடுவில். கோணல் எனக்குப் பிடிக்காது.

அக். 3, வெள்ளி

லினக்ஸ் ஏறுகிறது. எழுத்துகள் ஓடுகின்றன. டெஸ்க்டாப் வரவேண்டிய நேரத்தில் திரை கருப்பு. எட்டிலும்.

வைஃபை: இல்லை. சத்தம்: இல்லை. உள்ளே இருக்கும் சிப்புகளைப் பற்றிக் கம்பெனி ஒரு வரிகூட வெளியிட்டதில்லை. இந்தச் சிப்புகளை லினக்ஸில் இயக்கும் டிரைவர் புரோகிராமை உலகத்திலேயே ஒருவர்தான் தடவித் தடவி எழுதிக்கொண்டிருக்கிறார்; லினக்ஸோடு சேர்ந்து வருவது அதுதான். எந்த நாடோ. மெயில் போட்டேன்.

அக். 6, திங்கள்

பதில் வந்தது. அவருடையதில் திரை நன்றாக வருகிறதாம். படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். கருப்பைப் படம் எடுத்து என்ன செய்ய? அனுப்பவில்லை. லினக்ஸில் மூன்று பதிப்பு மாற்றிப் போட்டேன். கருப்பு, கருப்பு, கருப்பு. பயமாக இருக்கிறது.

அக். 8, புதன்

ஃபாதர் வந்து பார்த்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ, மெஷினே சரியில்ல. விழுப்புரம் காயலாங்கடைக்கு ஏத்திடலாம்." தலையாட்டினேன். ஏழு போயின. ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். வெறுப்பில் அதைப் படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன்.

அக். 9, வியாழன்

காலையில் பதில். ஒரே கேள்வி: மேலே சிவப்பாக என்ன?

அங்கேதான் வெளிச்சத்தை அளக்கும் சென்சாராம். அதை மூடினால் அறை இருட்டு என்று நினைத்துத் திரையை மங்கவைக்கும். எதுவரை மங்கலாம் என்று கம்பெனி எங்கும் எழுதாததால், இவருடைய டிரைவர் அடியோடு அணைத்துவிடுகிறதாம்.

ஈரத்துணியால் துடைத்தேன். திரை வந்தது.

உடனே பஸ் பிடித்து விழுப்புரம். கடைக்காரர்: "நேத்தே பிரிச்சிட்டோம்மா. போர்டு தனி, பிளாஸ்டிக் தனி. இன்னும் இருந்தா குடுங்க."

திரும்பும்போது நின்றுகொண்டே வந்தேன். சீட் காலியாகத்தான் இருந்தது.

அக். 10, வெள்ளி

தையல் மெஷின்கள் இறங்கின. வைஃபை இல்லாத, சத்தமில்லாத ஒற்றை லேப்டாப் என் பீரோவில்.

ஃபாதர் கேட்டார்: "அந்த ஒண்ணாவது ஓடுச்சா?"

"இல்ல ஃபாதர்."

பெண்களிடமும் மெஷின் கோளாறு என்றேன். "பரவால்ல மிஸ், உங்க மேல இன்னா தப்பு?" என்றாள் தேவி. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக். 11, சனி

செய்த பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்குள் அதே ஃபாதர். மாமியாரிடம் கத்தியதைச் சொன்னேன். ஒரு பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.